கிறிஸ்டினா மாட்டிய சிவப்பு அட்டை

நெய்வேலி, பிளாக் 21,
செவ்வாய்க்கிழமை.

ஆண்டவர் கிருபையால் பண்ருட்டியில் குடும்பத்தோடு சுகமாக இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் பெனடிக்ட் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் இன்னாசிராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம். தாங்களும் அக்காவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ஒன்பது நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி கிறிஸ்டினாவும் சௌக்கியமாகத்தான் இருப்பாள். அதை நான் விசாரிக்கவில்லை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டீர்கள். நான் பேசப் பேச, பின்னால் வீடே சிரித்தது காதில் விழுந்தது. அதுவும் போக, முப்பத்திரண்டு வருஷமாக மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் நான். எங்கள் வேலையில் எழுத்தில் கொடுக்காத எதுவும் நடக்காத மாதிரிதான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மூத்தவராகத் தாங்கள் இரண்டு பக்கத்தையும் கேட்டு ஒரு முடிவு சொல்ல வேண்டும். நியாயம் என் பக்கம்தான் என்பது படித்தாலே தெரியும்.

புதுச்சேரியில் மூடிக்கிடந்த ஒரு பழைய ஓட்டலின் சாமான்களை ஏலம் விட்டார்கள் அல்லவா, அங்கே நான் மர பீரோ பார்க்கத்தான் போனேன். அதுவும் தங்கள் தங்கைக்காகத்தான். என் கூட வேலை பார்க்கிற கம்மாபுரம் சின்னதுரையும் வந்திருந்தார். பீரோவில் கரையான். அதற்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததுதான் இந்த பின்பால் மெஷின். தாங்கள் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். கட்டில் நீளத்துக்கு நாலு காலில் நிற்கிற சாய்வான பெட்டி, மேலே கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் ஒரு இரும்புக் குண்டு உள்ளே ஓடும், முட்டுகிற இடத்திலெல்லாம் மணி அடிக்கும், விளக்கு எரியும், பாயின்ட் ஏறும். கீழே விழப்போகிற குண்டை, பட்டனை அழுத்தி, இரண்டு சின்னத் துடுப்பால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். தலைமாட்டில் பாயின்ட் காட்டுகிற கண்ணாடிப் பலகை. அந்தப் பலகையில் இருக்கும் படத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடியில் திறந்து பார்த்தேன், மச்சான். கம்ப்யூட்டர் கிடையாது, சிப் கிடையாது. முழுக்க முழுக்க ரிலே, கரண்ட் பாய்ந்தால் டக்கென்று ஒட்டுகிற காந்த சுவிட்ச்! எல்லாம் கையால் தொட்டு, கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற சாமான், உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. இன்னும் எட்டு மாதத்தில் எனக்கு ரிடையர்மென்ட். இத்தனை வருஷம் நான் ரிப்பேர் செய்ததெல்லாம் கரியைச் சுமந்துபோய் எரிக்கிற இடத்தில் கொட்டியது. சும்மா மணி அடித்துச் சிரிக்கிற ஒரே ஒரு மெஷினையாவது என் கையால் ஓடவைத்துவிட்டுத்தான் இந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். குட்டி யானை வண்டியில் ஏற்றும்போதே சின்னதுரை கேட்டார், "இன்னாண்ணே, பீரோ வாங்க வந்துட்டு இத்த ஏத்திகினு போறீங்க. அண்ணி வூட்டுக்குள்ள வுடுமா?" நான் கயிற்றை இழுத்துக் கட்டினேன். முடிவு செய்தால் செய்ததுதான்.

எங்கள் ஹாலில் அந்த நீளத்துக்கு இடமிருந்தது ஒரே சுவரில்தான், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே. கிறிஸ்டினா முதலில் ஆண்டவரைப் பார்த்தாள், பிறகு பாயின்ட் பலகையைப் பார்த்தாள். பலகையில், நீச்சல் உடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் டால்பின் மேல் ஏறி உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் வரைந்ததல்ல, கம்பெனிக்காரன் போட்ட படம். கிறிஸ்டினா உள்ளே போய் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் மேல் போர்த்தினாள். அந்த ஏற்பாட்டில் மூன்று மாதம் நிம்மதியாகவே போயிற்று.

நிம்மதி என்றால், சின்னச் சின்னச் சங்கடம் இருந்தது, மறைக்கவில்லை. பழைய குண்டு துருப்பிடித்துவிட்டதால், முந்திரி உடைக்கிற மெஷினுக்குத் தாங்கள் சாமான் வாங்குகிற கடையிலேயே இருபத்தேழு மில்லிமீட்டர் பேரிங் குண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தீர்கள், ஆகவே இந்த விஷயத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். குண்டு முட்டித் திரும்ப ரப்பர் வேண்டும், பழைய ரப்பர் தொட்டாலே பொடியாகிறது, புதுசு வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள், ஒரு மாதம் யார் காத்திருப்பது, சமையல்கட்டில் குக்கர் மூடியில் நல்ல ரப்பராக ஒன்று இருந்தது, வெட்டிப் போட்டேன், அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது, குக்கருக்குப் பரணில் கிடந்த பழைய ரப்பரை மாட்டி வைத்தேன். அன்றைக்குப் பார்த்து ஆட்டுக்கறி. குக்கர் விசிலே அடிக்காமல் பக்கவாட்டில் சீறிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு நாங்கள் ரசம் சோறு சாப்பிட்டோம். அப்போதுகூட அவள் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கரண்ட் சாமானில் கை வைக்குமுன் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'ஆள் வேலை செய்கிறார், கை வைக்காதே' என்ற சிவப்பு அட்டையில் பெயரும் கையெழுத்தும் போட்டு மாட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்குவோம். அந்த அட்டையை மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் தொடக் கூடாது. வேறொருவர் எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கிறவர் வீட்டுக்குத் திரும்ப மாட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அடுத்தவர் அட்டையை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. வீட்டு வேலைக்கும் அதே சட்டம்தான். அட்டைகளை நானே வெட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.

அந்தச் சட்டத்தால் ஒரு நாள் என்ன ஆயிற்று என்றால், வீட்டு மெயின் போர்டில் அட்டையை மாட்டி, ஃபியூஸ் கட்டையைப் பையில் போட்டு வேலை செய்துகொண்டிருந்தவன், ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் அப்படியே ஓடிவிட்டேன். கட்டையும் என்னோடு மைன்ஸுக்கு வந்துவிட்டது. மே மாதம், மச்சான். சாயங்காலம் வந்து பார்த்தால் கிறிஸ்டினா ஹாலில் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பிரிட்ஜில் இருந்த வஞ்சிர மீன் வாசல் வரைக்கும் மணக்கிறது. பக்கத்து வீட்டு கார்முகில் வேறு கட்டை கொண்டுவந்து போடுகிறேன் என்றாராம், இவள்தான் விடவில்லையாம். "உங்க கையெழுத்துப் போட்ட அட்டை தொங்குது. மாட்டினவங்கதான் எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு மாலை, எங்கள் தெருக் குடும்பங்கள் மாறி மாறி ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். கிறிஸ்டினாதான் அதற்குத் தலைவி. இருபது பேர். செபமாலை முடிந்து எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக நிற்கிற நேரம். ரிடையர்டு டீச்சர் சவரியம்மாளுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. ஃபேன் சுவிட்ச் என்று நினைத்து மெஷின் சுவிட்சைப் போட்டுவிட்டார். என் தப்பு ஒன்றுதான், பாயின்ட் காட்டுகிற சக்கரத்தின் கான்டாக்ட் தகட்டை முந்தின நாள் கொஞ்சம் இறுக்கமாக வைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டிய சக்கரம் நிற்கத் தெரியாமல் சுற்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் டிங், டிங், டிங் என்று மணி. சுத்தமான வெண்கல மணி, நான்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன்.

பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்தால் முழங்கால் போடுவது நமக்கெல்லாம் நடக்கப் பழகிய நாளிலிருந்து வருகிற பழக்கம். யோசித்துச் செய்வதில்லை. இருபது பேரும் சடாரென்று முழங்காலில் விழுந்தார்கள். எழுந்தேற்ற மணி மூன்று தடவையோடு நின்றுவிடும், இது நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது, முதலில் எழுந்திருக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, சிலர் மார்பில் தட்டிக்கொள்கிறார்கள், முழங்கால் வலிக்காரர்கள் பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கியிருக்கலாமே என்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் விழுந்துவிட்டேன். அந்த அதிர்ச்சியில் தேங்காய்ப்பூத் துண்டு மெதுவாக நழுவியது. எல்லோரும் கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்த்தால், சிவப்பும் மஞ்சளுமாக விளக்கு எரிய, டால்பின் மேல் அந்தப் பெண் கையாட்டுகிறாள். இருபது பேரும் அவளைப் பார்த்து முழங்காலில் இருக்கிறோம்.

கிறிஸ்டினாதான் முதலில் எழுந்தாள். எழுந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். எல்லோருக்கும் சுண்டலும் டீயும் கொடுத்தாள். எல்லோரும் போனபின் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு என் டூல் பாக்ஸைத் திறந்து, நான் ஒரு தடவை ஆசையாகக் காட்டிய கண்ணாடி ஃபியூஸை மெஷினிலிருந்து கழற்றித் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள். ஒரு சிவப்பு அட்டையை எடுத்து எழுதினாள், பெயர்: கிறிஸ்டினா. வேலை விவரம்: யோசிக்கிறேன். முடியும் நேரம்: தெரியாது. கீழே கையெழுத்து. ஸ்பிரிங் கைப்பிடியில் மாட்டிவிட்டு, "உள்ள ஆள் இருக்குதுங்க. கைய வெச்சிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். காலையில் பண்ருட்டி பஸ் ஏறிவிட்டாள்.

இதுதான் மச்சான் இன்றைய நிலைமை. கான்டாக்ட்டைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். அதே அளவு ஃபியூஸ் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ஆனால் அட்டை தொங்குகிறதே! நேற்று சின்னதுரை கத்திரியோடு வந்துவிட்டார். "இன்னாங்கண்ணே, வூட்ல போயி சேஃப்டி ரூலு பாத்துகினு. நான் அறுத்துடறன், நீங்க அந்தாண்ட திரும்பிக்கோங்க" என்றார். அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். கையெழுத்துப் போட்ட அட்டை, மச்சான். என்னால் முடியாது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். கிறிஸ்டினாவிடம் பேசி, அட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கி, அந்த ஃபியூஸோடு சேர்த்துத் தபாலில் அனுப்பிவைக்க வேண்டும். மெஷின் ஹாலில்தான் இருக்கும், ஒரு அங்குலம் நகராது, இது என் முடிவு. அவள் வருவதும் வராததும் அவள் இஷ்டம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கேன்டீனில் சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. வீடும் அமைதியாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர். இந்த வருஷம் முந்திரிக்கு நல்ல விலை கிடைக்க வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மு. இன்னாசிராஜ்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் மேலே உள்ளதை ஒரு தடவை படித்தேன். அமைதி என்று எழுதியது பொய். ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தால் "வந்துட்டீங்களா" என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கேன்டீன் சாம்பாரை நானே குறை சொல்லி நானே கேட்டுக்கொள்கிறேன். நேற்று அரை மணி நேரம் அந்த அட்டைக்கு எதிரில் உட்கார்ந்து அவள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபியூஸ் வேண்டாம், எழுத்தில் ஒன்றும் வேண்டாம். சின்னதுரையைக் கூப்பிட்டு மெஷினின் நாலு காலையும் கழற்றி வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அட்டை அதிலேயே இருக்கிறது, அவள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் யோசிக்கட்டும், ஆனால் இங்கே இருந்துகொண்டு யோசிக்கட்டும். கடிதம் தபாலில் போனால் இரண்டு நாள் ஆகும். என்னால் முடியாது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். கதவைத் திறப்பது கிறிஸ்டினா என்றால் இதைத் தங்களிடம் கொடுக்க மாட்டேன். தாங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் திறந்தது அவள் இல்லை. நான் வாசலில்தான் நிற்கிறேன், மச்சான். அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்.