கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாத வாத்தியார்

யாராவது பாட்டில் மூடியைத் திறக்க இரண்டு தடவைக்கு மேல் திணறினால், நான் பிடுங்கித் திறந்துவிடுவேன். இதற்குக் கருணை என்று பெயர் வைத்திருந்தேன். வியாதி என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வியாதியோடு மூன்று வருடம் கம்ப்யூட்டர் வாத்தியாராக வேலை பார்த்தேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் புதுச்சேரியில் மாடி எங்கே காலியாக இருந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துவிடும். எங்களுடையது குருசுக்குப்பம் போகும் வழியில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. முதலாளி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘முசியே’தான், பிரெஞ்சில் ஐயா. ஏழு கம்ப்யூட்டர், பதினாலு மாணவர்கள், சி மொழி கற்பிக்க நான்.

என் கற்பிக்கும் முறை எளிமையானது. மாணவன் டைப் அடிப்பான். பிழை என்று கம்ப்யூட்டர் கத்தும். அவன் தலையைத் தூக்குவதற்குள் நான் சக்கரம் வைத்த நாற்காலியில் உருண்டு போய், “தள்ளு, தள்ளு” என்று இடித்துவிட்டு நாலு தட்டு தட்டிச் சரிசெய்துவிடுவேன்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்.”

(ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அறையில் நிலவிய நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.)

ஒருநாள் காதர் பாய் படியேறி வந்தார். தையல்காரர். அவர் மகள் சபீனா என் மாணவி.

“சார், ஆறு மாசமா வர்றா. இன்னா கத்துக்கினன்னு கேட்டா, ‘சார் போட்டுத் தந்தாரு’ங்கறா. எதைக் கேட்டாலும் சார் போட்டுத் தந்தாரு. அப்ப உங்களுக்குத்தான் நல்லா வருது, நீங்களே படிங்க. அவ கடைக்கு வந்தா பட்டன் காஜாவாவது சொந்தமா எடுப்பா.”

“பாய், அவ நல்லாப் பண்ணுவா!”

“ஞாயித்துக்கிழமை வர்றேன். எங்கண்ணு முன்னாடி அவளே செஞ்சு காட்டட்டும். இல்லன்னா திங்கக்கிழமையில இருந்து வரமாட்டா.”

சபீனாவின் முகம் வெளுத்தது. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த முசியேவுக்கோ ஒரே குஷி. “த்ரே பியேன், ரொம்ப நல்லது! எல்லாப் பெத்தவங்களையும் கூப்பிட்டுடலாம்!”

பதற்றத்தில் நான் எடுத்த முடிவு இது: பதினாலு பேருக்கும் அவரவர் அப்பா தொழிலுக்கு ஏற்றபடி நானே புரோகிராம் எழுதுவது, அவர்கள் அதை மனப்பாடம் செய்து அடிப்பது. விவசாயி மகனுக்கு உர மூட்டைக் கணக்கு. சபீனாவுக்கு, இத்தனை பேன்ட்டுக்கு எத்தனை மீட்டர் துணி என்கிற கணக்கு.

“சார், இதே துணிக் கணக்குக்கு நானே ஒண்ணு எழுதிக்கினு இருக்கேன். பாதி வந்துடுச்சு” என்றாள் அவள்.

“பாதியை வச்சிக்கினு இன்னா பண்றது? இதை மனப்பாடம் பண்ணும்மா!”

ஞாயிற்றுக்கிழமை மாடி தாங்காத கூட்டம். கீழே இருந்து கேக் வந்தது. சபீனா உட்கார்ந்தாள், எழுத்துப் பிசகாமல் அடித்தாள், புரோகிராம் ஓடியது. பத்து பேன்ட், தலைக்கு இரண்டு மீட்டர், விடை இருபது. கைதட்டல். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

காதர் பாய் மட்டும் தட்டவில்லை. “பேன்ட்டுக்கு யாரும்மா ரெண்டு மீட்டர் வெட்டுவா? நாப்பது பேன்ட், ஒண்ணேகால் மீட்டர். போடு.”

போட்டாள். விடை நாற்பது மீட்டர்.

“அம்பது வரணும்” என்றார் பாய். கணக்கை அவர் மனசிலேயே போட்டுவிட்டிருந்தார். “பேன்ட்டுக்கு ஒரு மீட்டருன்னா முட்டிக்கு மேலதான் நிக்கும். நாப்பது பேரும் டவுசரோட போவணும்.”

கூட்டம் சிரித்தது. தப்பு என்னுடையது. எண்ணை முழு எண்ணாகத்தான் வாங்குவேன் என்று நான் எழுதியிருந்தேன். ஒண்ணேகாலில் இருந்த காலைக் கம்ப்யூட்டர் கத்தரித்துப் போட்டுவிட்டது.

வியாதி பொங்கியது. “தள்ளும்மா, தள்ளு!” ஒரு இடத்தைத் திருத்தப்போய் மூன்று வரி காணாமல் போனது. ஒரு தப்பு இருந்த இடத்தில் திரையில் இப்போது பதினொரு பிழைகள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“இப்ப பரீட்சை யாருக்கு? சாருக்கா, எம்மவளுக்கா?” என்றார் பாய்.

சபீனா என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. “சார், எழுந்திருங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கையை அடியில வச்சிக்கங்க.”

பதினாலு குடும்பம் பார்க்க, என் கைகளை என் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்தேன்.

அவள் நான் எழுதியதை முழுதாக அழித்தாள். தன்னுடைய பாதியில் இருந்து ஆரம்பித்தாள். முதல் முறை பிழை. (எனக்கு எங்கே என்று தெரியும். கை துடித்தது.) இரண்டாவது முறை ஓடியது, விடை பூஜ்யம். “டவுசரும் போச்சா?” என்று யாரோ கேட்டார்கள். அவளே சிரித்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். கேக் தீர்ந்தது. சிலர் கிளம்பியும் போனார்கள். காதர் பாய் அசையவில்லை. ஊசியில் நூல் கோப்பவரைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம்! என் கைகள் மரத்துப்போய் எறும்பு ஊர்ந்தது.

“அத்தா, இங்க பாருங்க. எண்ணை வாங்குற எடத்துல தசமமா மாத்திட்டேன், காட்டுற எடத்துல மாத்தாம விட்டுட்டேன்.”

அடித்தாள். ஐம்பது.

பாய் விடவில்லை. “கொழந்தைங்க டவுசர், முக்கால் மீட்டர், முப்பது?”

“இருபத்திரண்டரை” என்றாள், திரையில் வருவதற்கு முன்பே.

பாய் தலையை மட்டும் ஆட்டினார். “திங்கக்கிழமை நேரத்தோட கெளம்பிடு. லேட்டாப் போவாத.” கடைக்கு அல்ல, வகுப்புக்கு. அவள் அதற்கு அப்புறம் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

ஒரு வாரம் கழித்துக் காதர் பாய் ஒரு பொட்டலம் கொடுத்தார். எனக்கென்று தைத்த பேன்ட். கச்சிதமான அளவு. போட்டுப் பார்த்து, பாக்கெட்டில் கை விட்டேன். கை போனது, போனது, முழங்கை வரைக்கும் போனது.

“ஒண்ணேகால் மீட்டர் பத்தலை சார், பாக்கெட்டுக்கே தனியா வாங்கினேன்” என்றார் பாய், சிரிக்காமல். “புள்ளைங்க படிக்கறப்ப கையை இதுக்குள்ள விட்டுக்கினு நில்லுங்க.”

நின்றேன். சத்தியமாக, அதன் பிறகுதான் என் மாணவர்கள் தேற ஆரம்பித்தார்கள். அந்த பேன்ட் இப்போது எனக்கு இடுப்பில் ஏறாது. ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் என் மனைவி அதை எடுத்து வந்து, பாக்கெட்டுக்குள் தன் கையை முழங்கை வரை விட்டுக் காட்டாமல் காபி கொடுப்பதில்லை.