ஆவன செய்யவும்

ஓசூரில் ஏஜென்ட் என்றால் முன்பெல்லாம் மனை விற்பவர். பாகலூர் சாலையில் நின்றுகொண்டு, பெங்களூரு மெட்ரோ நாளைக்கே இங்கே வந்துவிடும் என்று சத்தியம் செய்வார். இப்போது ஏஜென்ட் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருப்பது. தானே யோசிக்கும், தானே வேலை பார்க்கும், டீ கேட்காது. நட்டு போல்ட்டு செய்பவரிலிருந்து ரோஜாப்பூ ஏற்றுமதி செய்பவர் வரை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். ஏஜென்ட் இல்லாத கம்பெனிக்காரருக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை ஏஜென்டுகளும் தங்களுக்குள் எச்சரிக்கை சொல்லிக்கொள்ள, 'எல்லையோரத் தொழிலக அச்சுறுத்தல் தகவல் பகிர்வு மையம்' தொடங்கப்பட்டது. பெயரை எழுதிய பிறகு பலகையில் முகவரிக்கு இடமில்லை. ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால், அங்குள்ள ஏஜென்ட் மற்ற தொழிற்சாலைகளின் ஏஜென்டுகளுக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் கருவி இருந்தது. அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்டுகளுக்குக் குறிப்பு எழுதும் வேலைக்கு வந்தவள் டெல்பின். குறிப்பில் உள்ளதை ஏஜென்ட் செய்யும், இல்லாததைச் செய்யாது. அந்த வகையில் அது ஏற்கெனவே பாதி அரசு ஊழியர்.

டெல்பினுக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. அவள் கணவன் மேக்ஸ்வெல் மூக்கண்டப்பள்ளியில் பம்பு தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓட்டுகிறான். அவன் முன்பு இருந்த கம்பெனி வைரஸ் புகுந்துதான் படுத்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதனால் அவள் சுற்றி வளைக்காமல் எழுதினாள்: 'ஆபத்தைக் கண்டால் இந்தக் கருவியால் உடனே எல்லோருக்கும் சொல். எச்சரிக்கை வந்தால் உன் மெஷின்களின் இணைய இணைப்பைத் துண்டி.'

படித்துப் பார்த்த இணை இயக்குநர் வெங்கடசாமிக்குப் பல்வலி வந்தவர் முகமாகிவிட்டது.

"என்னாம்மா இது, மாட்டை அதட்டுற மாதிரி?"

"இப்படி எழுதினாத்தான் சார் ஏஜென்டுக்குப் புரியும்."

"அதுக்குப் புரியும். ஆடிட்டுக்குப் புரியுமா? 'துண்டி'ன்னு எழுதிட்டீங்க. அது துண்டிச்சு உற்பத்தி நின்னா, துண்டிக்கச் சொன்னது யாரு?"

"நாமதான் சார்."

"அதான் சொல்றேன்."

வெங்கடசாமி தம் கைப்படத் திருத்தினார்: 'அச்சுறுத்தல் குறித்த தகவல் வரப்பெறின், அதனை உரியவருக்கு அனுப்பி ஆவன செய்யக் கோரவும்.'

"ஆவனன்னா என்னா சார்?"

"எது ஆகணுமோ அது."

"எது ஆகணும் சார்?"

"அதை நாம சொன்னா நம்ம பொறுப்பாயிடும்மா."

டெல்பினை வேலையில் நிரந்தரமாக்கும் கோப்பும் அவர் மேசையில்தான் இருந்தது. அவர் எழுதியதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

தொடக்க விழா நடந்தது. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் ஒழுங்காக முடிந்து வெங்கடசாமி பேச எழுந்தபோது மேக்ஸ்வெல் போன் செய்தான்.

"டெல்பி, மெஷின் தானா நிக்குது. ஸ்க்ரீன்ல என்னென்னவோ ஓடுது. என்னா பண்றதுன்னு சொல்லு."

இணை இயக்குநர் பேசும்போது யார் போன் பேசுவது என்று முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

"விழாவுல இருக்கேங்க. மையத்துக்கு ஒரு மெயில் போடுங்க, ஆவன செய்வாங்க" என்று வைத்துவிட்டாள்.

மேடைத் திரையில் ஏஜென்டுகளின் பேச்சு நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. பம்பு தொழிற்சாலை ஏஜென்ட் எழுதியது: 'அச்சுறுத்தல் தகவல் அனுப்பப்படுகிறது. ஆவன செய்யக் கோரப்படுகிறது.' கியர் தொழிற்சாலை ஏஜென்ட் அதைப் பெற்றுக்கொண்டு, தான் உரியவரல்ல என்று கருதி, பர்கூர் கிரானைட்டுக்கு அனுப்பியது. கிரானைட் ரோஜாப்பூவுக்கு அனுப்பியது. ரோஜாப்பூ நன்றி தெரிவித்து, பம்பு தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பியது. அது புதுத் தகவல் போல மரியாதையாகப் பெற்றுக்கொண்டு மறுபடி கியருக்கு அனுப்பியது. என்ன ஒரு கட்டுப்பாடு என்று சபை கைதட்டியது.

வைரஸுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அது உரியவர் யாரென்று தேடவில்லை. எச்சரிக்கை போன வழியிலேயே பின்னால் போய், விழாச் சாப்பாட்டில் பாயசம் வருவதற்குள் ஒவ்வொரு தொழிற்சாலையாகப் பூட்டிவிட்டது.

விசாரணைக் குழு அமைந்தது. தவறு யாருடையது என்று குழு கேட்க, எல்லா ஏஜென்டுகளும் ஒரே குரலில், "குறிப்பின்படி ஆவன செய்யக் கோரப்பட்டது" என்றன. எவர் மீதும் குறையில்லை என்று குழு மகிழ்ந்தது. இந்தக் குறிப்பையே மற்ற மாவட்டங்களும் பின்பற்றலாம் என்று பரிந்துரைத்தது. டெல்பினுக்கு நிரந்தர ஆணையும் வந்தது.

ஆணையோடு வீட்டுக்குப் போனாள். மேக்ஸ்வெல் வேலையில்லாமல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஆணையைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தான்.

"அன்னைக்கு மெஷினோட நெட்டு ஒயரு என் கையிலதான் இருந்துச்சு. நீ ஒரு வார்த்தை 'புடுங்கு'ன்னு சொல்லியிருந்தா புடுங்கியிருப்பேன்."

டெல்பினுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேச்சை மாற்றலாம் என்று கேட்டாள்.

"கம்பெனி எப்பத் திறப்பாங்களாம்? சங்கத்துலயாவது சொன்னீங்களா?"

"சொன்னோம்."

"என்னா சொன்னாங்க?"

"எழுதிக் குடுங்க, ஆவன செய்யறோம்னாங்க."