அஞ்சு ஸ்டார் வீட்டுக்காரி

மொட்டை மாடியின் ஒரு பக்கத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. மறுபக்கத்தில் வயலின் காய்ந்துகொண்டிருந்தது. நடுவே செசிலி உட்கார்ந்து, ஒரு தென்னை ஓலையை ஆட்டி ஆட்டிக் காக்கைகளிடமிருந்து இரண்டையும் காத்துக்கொண்டிருந்தாள்.

படியேறி வந்த பெபிஷா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். செசிலியின் கணவனுக்குத் தங்கை. அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள்.

"மைனி, நெத்திலி காஞ்சா கருவாடாவும். இது காஞ்சா என்னவாவும்?"

"சத்தம் தெளியுமாம்."

"ஆரு சொன்னா?"

செசிலி செல்போனை நீட்டினாள். வயலின் வாங்கிய கடையின் இணையப் பக்கம். 'ஹேப்பி ஹோம்' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்: 'புது வயலினை நல்ல வெயிலில் காய வைக்கவும். மரத்துக்குள் இருக்கும் ஈரம் போனால்தான் சத்தம் தெளியும். நான் அப்படித்தான் செய்தேன். அஞ்சு ஸ்டார்.'

பெபிஷா படித்துவிட்டுச் சிரித்தாள். "இது எங்க அப்பா மீன்பிடி வள்ளத்துக்குச் செய்யுற வைத்தியமில்லா! எண்ணெயப் பூசு, வெயில்ல போடு."

"வள்ளமும் மரந்தான், வயலினும் மரந்தான். நீ சும்ம கிட."

செசிலிக்கு மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்காமல் ஒரு பொருளை வாங்கத் தெரியாது. மிக்சியானாலும் சரி, மழைக்கோட்டானாலும் சரி, முன்னால் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். மணவாளக்குறிச்சி மருந்துக்கடையில் வேலை பார்க்கும்போதுகூட, இருமல் மருந்து வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்தால், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு மனதில் ஸ்டார் போட்டுக்கொள்வாள்.

அவளுடைய கல்யாணமே அப்படித்தான் நடந்தது. மரியஜானைப் பற்றி அவள் வீட்டார் பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள், உபதேசியாரிடம் கேட்டார்கள், மீன் ஏலம் விடுகிறவரிடமும் கேட்டார்கள். எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: "தங்கமான பையன். பேச்சுதான் கொஞ்சம் குறவு." நாலு ஸ்டார் மாப்பிள்ளை.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது அவன் சவுதிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. போனில் அவன் பேசுவது இவ்வளவுதான்:

"ஏட்டி, சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்."

"என்ன கறி?"

"சாளை."

"மோட்டாரு ஓடுதா?"

"ஓடுது. தண்ணி ஏறுது."

பிறகு ஒரு நீண்ட அமைதி. தூரத்தில் ஏதோ இயந்திரம் இரையும். அவன் மூச்சு விடுவது கேட்கும். அந்த மூச்சைக் கேட்பதற்காகவே அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள். "செரி, வைக்கட்டா?" என்பான். வைத்துவிடுவான்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை நீளமாகப் பேசியிருக்கிறான். போன லீவில், திருவிழாப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும் வழியில். "இந்த வயலின் இருக்கே, சின்னதுல அத படிக்கணும்னு எனக்கு உயிரு. கொயர் மாஸ்டரு எனக்க விரலப் பாத்துட்டு, இது துடுப்புப் பிடிக்குற விரலுலேன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"என்னையும் எங்க ஊரு கொயர்ல எடுக்கல," என்றாள் செசிலி. சங்கீதத்துக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில் பிறந்ததால் அவளுக்கு வைத்த பெயர் அது. ஆனால் அவள் வாயைத் திறந்ததும் பாட்டு சொல்லிக்கொடுத்த சிஸ்டர், "பேரு மட்டும் போதாது மக்கா" என்று உட்கார வைத்துவிட்டார்.

மரியஜான் அன்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். பிறகு லீவு முடிந்தது. அடுத்த கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்றான். அது போய் அதற்கடுத்த கிறிஸ்மஸும் வந்துவிட்டது. இந்தத் தடவை உறுதி. வரும் சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறான்.

அவன் கையில் ஒரு வயலினைக் கொடுக்க வேண்டும். அதுதான் செசிலியின் ஆசை. அந்த ஆசையோடு தேடும்போதுதான் குலசேகரம் பக்கத்தில் சுந்தர்சிங் என்பவர் கையாலேயே இழைத்துச் செய்யும் வயலின்கள் கண்ணில் பட்டன. விமர்சனங்களைத் திறந்தாள். 'சூப்பர்', 'நல்ல பேக்கிங்', 'ஓகே' என்று ஒரு வார்த்தையில் முடிந்தவை பல. ஹேப்பி ஹோம் மட்டும் வாரத்துக்கு ஒன்று எழுதியிருந்தார்.

'ஜோலி முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசிப்பேன். என் வீட்டுக்காரி நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்பாள். தப்பாக வாசித்தால் முறைப்பாள். அந்த முறைப்புக்காகவே சில நேரம் தப்பாக வாசிப்பேன். அஞ்சு ஸ்டார்.'

இன்னொன்று: 'இன்று மழை. ஓட்டில் விழும் மழைச்சத்தமும் வயலின் சத்தமும் ஒன்றாகிவிட்டது. வீட்டுக்காரி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தேன். அஞ்சு ஸ்டார்.'

செசிலி இவற்றை மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படிப்பாள். படித்ததையே மறுபடி படிப்பாள். அந்த வீட்டுக்காரியின்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. என்ன கொடுத்து வைத்தவள்! சாயங்காலமானால் புருஷன் வீட்டுக்கு வருகிறான். எதிரே உட்கார்கிறான். அவள் முறைக்கிற அளவுக்கு அவன் பக்கத்தில் இருக்கிறான். மழை பெய்யும்போது தூங்கிவிடலாம், எழுந்தால் அவன் அங்கேயேதான் இருப்பான். மோட்டார் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

வயலின் வந்துவிட்டால் தன் வீட்டிலும் ஒரு மாதத்துக்காவது அப்படி ஒரு சாயங்காலம் வரும் என்று அவள் நம்பினாள். கூரியர் ஆபீசில் இருப்பவன் மரியஜானோடு படித்தவன்; தன் பெயரில் பார்சல் வந்தால் சவுதிக்குச் செய்தி பறந்துவிடும். அதனால் பெபிஷா பெயரில் வாங்கினாள். சந்தேகம் கேட்க அந்தக் கடைக்குப் போன் செய்தபோதும் பெபிஷாவாகவே பேசினாள்.

பார்சல் வந்த அன்றே சிக்கலும் ஆரம்பித்தது.

பெட்டியில் வயலினும் வில்லும் இருந்தன. துணியில் பொதிந்த மஞ்சள் கட்டி ஒன்றும் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். குங்கிலிய வாசம். 'கிறிஸ்தவக் கடை அல்லவா, புது சாமானை மந்திரித்து வைக்கச் சாம்பிராணி வைத்திருக்கிறார்கள்' என்று நெகிழ்ந்துபோய், சாயங்காலம் செபமாலை சொல்லும்போது அதை முழுதாகக் கனலில் போட்டு மாதா படத்துக்குப் புகை காட்டினாள். பெபிஷா இருமி இருமி செபமாலையின் நாலாவது மணியோடு எழுந்து ஓடிவிட்டாள்.

மறுநாள் வில்லை எடுத்துத் தந்தியில் இழுத்தாள். சத்தமே வரவில்லை. காற்று போவதுபோல ஒரு சீற்றம்தான் வந்தது.

வில்லின் மயிரில் தேய்க்க வேண்டிய கட்டியைத்தான் மாதாவுக்குப் புகைத்துவிட்டோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஹேப்பி ஹோமைத் திறந்தாள். 'எண்ணெய் காட்டினால் எந்த மரச்சாமானும் வழுவழுவென்று ஓடும். நான் வில்லுக்கும் ஒரு சொட்டு விடுவேன்.' தேங்காய் எண்ணெய் விட்டாள். ஒரு சொட்டு போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் விட்டாள். அதன்பிறகு சீற்றமும் நின்றுபோனது. வில் தந்திமேல் மீன்போல வழுக்கிக்கொண்டு போனது.

எண்ணெய் போக ஷாம்பு போட்டு வில்லை அலசினாள். மயிரெல்லாம் சடைபிடித்தது. சீப்பால் வாரினாள். பாதி சீப்போடு வந்தது.

கடைசியாக மீதி இருந்தது வெயில் வைத்தியம்தான்.

"மைனி, என்னமோ சத்தம் கேட்டுது," என்றாள் மாடியில் நின்ற பெபிஷா.

டப்!

வயலினின் விளிம்பு ஓரமாகப் பிளந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்தது. உள்ளே ஏதோ கழன்று, தூக்கிக் குலுக்கினால் தேங்காய்க்குள் பருப்பு ஆடுவதுபோலக் கடகடத்தது.

"மாதாவே!" செசிலி வயலினை மடியில் போட்டுக்கொண்டாள். "சனிக்கிழமை வந்திருவாரே பெபிஷா!"

"நீங்க அழாதுங்க. வள்ளத்துல பலகை விட்டா எப்படிக் கட்டுவாவன்னு எனக்குத் தெரியும்." பெபிஷா ஓடிப்போய் வலை பின்னும் நைலான் நூல் கொண்டுவந்தாள். மரப்பசையை வழித்துப் பூசி, முழங்காலால் மிதித்து, நூலை இறுக்கிச் சுற்றினாள். மீனவன் மகளின் முடிச்சு, சூறைக்காற்றுக்கும் அவிழாது. அவிழவில்லை. இறுக்கம் தாங்காமல் வயலினின் மறுபக்கம் பிளந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"ஏட்டி, சாப்புட்டியா?"

"ம்."

"என்ன கறி?"

"நெத்திலி காயுது." பிளந்த வயலினைப் பார்த்தாள். "பின்ன... ஒரு மரச்சாமான் உடைஞ்சா ஒட்டுமா?"

"என்ன சாமான்?"

"ஒண்ணுமில்ல. நாற்காலி."

"ஒட்டும். சனிக்கிழமை வாறேன்லா. வந்து பாக்கேன்." பிறகு வழக்கமான அமைதி. மூச்சு. "மோட்டாரு ஓடுதா?"

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன்மேல் இல்லை, அந்த ஹேப்பி ஹோமின்மேல். எதிரே பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு தினமும் வாசிக்கிற மனிதனுக்கு, கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவனை எதிர்பார்த்துக் கிடக்கிறவளின் பாடு எப்படித் தெரியும்? பொய் வைத்தியம் சொல்லிவிட்டான். அவனை நேரில் கண்டு ரெண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

மறுநாள் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு, வயலினைக் குளிக்கிற துண்டில் பொதிந்து தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். தக்கலையில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தாள். எழுந்து இடம் கொடுத்த ஒரு பெரியவர், "பிள்ளை உறங்குதா? மெள்ள இரு மக்களே" என்றார். அவள் மறுக்கவில்லை. துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள்.

சுந்தர்சிங்கின் பட்டறையில் மரத்தூள் மணந்தது. சுவரெங்கும் வயலின்கள் தொங்கின. அவர் மனைவி ராஜபாய்தான் போனும் இணையப் பக்கமும் பார்க்கிறவர். குரலைக் கேட்டதும், "போன்ல பேசின பெபிஷா தானே? வாங்க, இரிங்க" என்று முக்காலி போட்டார். பொய்யைத் திருத்த இது நேரமில்லை என்று செசிலி உட்கார்ந்தாள்.

சுந்தர்சிங் துண்டை விரித்தார். நைலான் நூலைப் பார்த்தார். வழிந்து காய்ந்த பசையைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"இத கொண்டு மீன் பிடிக்கப் போனியளா?"

"உங்க பக்கத்துல எழுதியிருந்தது போலத்தான் செஞ்சேன். எண்ணெய் விடுன்னு இருந்துச்சு, விட்டேன். வெயில்ல போடுன்னு இருந்துச்சு, போட்டேன்."

"ஆரு எழுதினது?"

"ஹேப்பி ஹோம்."

சுந்தர்சிங் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் அப்பமே சொன்னேன், அத அழியின்னு." வயலினை ஏந்திக்கொண்டு உள்ளே போனவர், வாசலில் நின்று சொன்னார்: "ஒட்டித் தாறேன். நெத்திலி வாசம் போவாது, கேட்டியளா?"

செசிலிக்கு அழுகையும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, அந்த ஆளுக்க நம்பரத் தாங்க. ரெண்டு வார்த்த கேக்கணும்" என்றாள். கேட்டுவிட்டுப் போனை அவன் வீட்டுக்காரியிடம் கொடுக்கச் சொல்ல வேண்டும், அவள் குரல் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கேட்க வேண்டும் என்பதும் மனதின் ஓரத்தில் இருந்தது.

ராஜபாய் தயங்கினார். "அவரு வயலினைக் கையால தொட்டதே இல்ல மக்கா."

"பின்ன, தெனமும் சாயங்காலம் வாசிக்கேன்னு எழுதியிருக்கு?"

"மனசுல வாசிக்காரு. வயலின் ஒண்ணு செய்யச் சொல்லி வச்சிட்டு வெளிநாட்டுல போய்க் கிடக்காரு. லீவு கிடைக்கக் கிடைக்கத் தள்ளிப் போவுது. வெள்ளிக்கிழமை ஆனா, வீட்டுல இருக்கதா நெனச்சு எழுதிப் போடுவாரு. பொய்யின்னு எனக்குத் தெரியாதா? அழிக்கணும்னுதான் எடுப்பேன். வாசிச்சா, அந்த மழையும், அவ சாஞ்சு உறங்குறதும்... எனக்கே கண்ணு நெறஞ்சிரும். எப்படி அழிக்க?"

செசிலிக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உலகத்தில் எங்கோ ஒருத்திக்காவது அப்படி ஒரு சாயங்காலம் வாய்த்திருக்கிறது என்பது இத்தனை நாளும் தனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அப்போ அந்த வீட்டுக்காரி? அவளும் பொய்யா?"

"சே, வீட்டுக்காரி நெசம்! அவளுக்கு வாசிச்சுக் காட்டத்தானே இவ்வளவும். அந்தா, சன்னல் பக்கம் தொங்குது பாருங்க, அதுதான் அவரு செய்யச் சொன்ன வயலின். சனிக்கிழமை வந்து இறங்குறாராம், நேரா இங்க வந்து எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம்." ராஜபாய் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அவ பேரு நாக்கு நுனியில நிக்கிது, வர மாட்டேங்கு. ஒரு புனிதைக்க பேருன்னுதான் சொன்னாரு. நாங்க சி.எஸ்.ஐ., எங்களுக்கு இந்தப் புனிதைமாரு காரியம் பிடிபடாது. நீங்க ஆர்.சி. தானே பெபிஷா? பாட்டுக்காரங்களுக்குன்னு ஒரு புனிதை உண்டுமே, என்ன பேரு அவளுக்கு?"