இரண்டாம் மாடி விளக்குகள் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தாங்களும் என் தங்கையும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த அலுவலகக் கட்டடத்தைப் பராமரிக்கும் நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான். புகார் சொல்ல வருகிறவர்களுக்குப் பயந்து ஸ்டோர் ரூமில் ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான்கு மாடிக்கும் எல்.இ.டி. விளக்கு மாற்றலாமா என்று முதலாளி கேட்டார். உங்கள் விளக்குக் கடைக்கு முதல் பெரிய ஆர்டராயிற்றே என்று, "எங்க மாப்பிள்ளை சரக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றேன். "கண்ணைத் திறந்தே வாங்குவோம். ஒரு மாடியில போட்டுப் பாத்து எழுதிக் குடுங்க" என்றார். எலக்ட்ரீஷியனை இரண்டாம் மாடிக்கு அனுப்பினேன், பிடித்தது சனி. கணக்குப் பிரிவு அம்மாவுக்கு அன்று மாலையே தலைவலி, மேனேஜருக்குத் தலைச்சாயம் பூசாத இடமெல்லாம் தெரிகிறதாம், "இது ஆபீஸா, ஆபரேஷன் தியேட்டரா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார், சுவரில் விரிசல் விழுந்ததற்கும் உங்கள் விளக்குதான் காரணம் என்று இன்னொருவர் எழுதியே கொடுத்துவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன், பளீரென்றுதான் இருந்தது. சரி, கரண்டாவது மிச்சமாச்சா? இரண்டு வாரமாக மூச்சு வாங்க ஏறி மீட்டர் பார்க்கிறேன், ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. பாதி குறையும்னீங்களே, எது குறைஞ்சுது? என் மானம்தான் குறைஞ்சுது!

'வேண்டாம்' என்று அறிக்கை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நான்கு மணிக்கு முதலாளி வருகிறார். உங்கள் ஆர்டர் போகிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய் எழுத எனக்கு வராது. தங்கையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நொந்துபோன மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது எலக்ட்ரீஷியன் வந்து, "சார், கொஞ்சம் எந்திரிங்க, லைட்டு நசுங்கிடும்" என்றார். நான் உட்கார்ந்திருந்தது உங்கள் விளக்குப் பெட்டி. பிரிக்கவே இல்லை! "பழைய டியூபைத் துடைச்சு வெளிச்ச அளவு எடு, நான் சொன்னப்புறம் மாத்து, அப்பத்தான் ஒப்பிட்டுப் பாக்க நியாயமா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னிக்கே துடைச்சிட்டேன். நீங்க அப்புறம் சொல்லவேயில்லையே!" என்கிறார். சொன்னது நான்தான். இரண்டாம் மாடியே அலறியது தூசி போன பழைய டியூபுக்கு. அறிக்கையைக் கிழித்துவிட்டேன்; முதலாளியிடம் இன்னும் இரண்டு வாரம் கேட்கப் போகிறேன். மேலே எழுதியதைத் தங்கையிடம் காட்ட வேண்டாம். பெட்டியில் ஆறு விளக்குகள் நசுங்கிவிட்டன, வேறு ஆறு அனுப்புங்கள். ஏன் மாப்பிள்ளை, மனுஷன் உட்காருவான்னு தெரியாதா, பெட்டியைக் கொஞ்சம் கெட்டியாப் போடக் கூடாதா?