"ஏங்க" என்றால் எழாத நடராசன்

அன்புள்ள மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு,

மீன்சுருட்டியிலிருந்து மாமனார் நடராசன் ஆசியோடு எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை சிந்தாமணி, ஆடுகள், கோழிகள் எல்லோரும் சுகம். அங்கு நீங்களும் மகள் ஜெயசித்ராவும் பேத்தி தென்றலும் சுகமாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்காதீர்கள். போனுக்குள் இப்போது நான் இருக்கிறேன். நான் பேசுவதை நானே ஒட்டுக்கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் செய்த உபகாரத்தை மறக்க மாட்டேன். என் குரலையும் ஞாபகங்களையும் குணத்தையும் ஏஐயில் ஏற்றிவைத்தால் என் காலத்துக்குப் பிறகும் குடும்பம் என்னோடு பேசலாம் என்றீர்கள். நானும் அரியலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த கதையிலிருந்து, ஜெயசித்ரா பிறந்த சேதி வந்தபோது பஸ் முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அச்சு அசலாக நான்தான். எதைக் கேட்டாலும் முதலில், "உள்ள போங்க, பின்னாடி எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்கிறது. அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் போனுக்குள் தூங்குகிற என்னை எழுப்ப "நடராசன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வைத்துவிட்டுப் போனீர்களே, அங்கேதான் வண்டி பஞ்சர்.

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. என் மகள் உங்களை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அடுப்படியிலிருந்து "டேய் கலை, மோட்டாரப் போடுடா" என்று சத்தம் வந்தபோது நான் காது கேட்காதவன்போல் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உங்கள் அத்தை அப்படியில்லை. தாலி ஏறிய நாளிலிருந்து என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. சொன்னால் என் ஆயுசு குறைந்துவிடுமாம். நேற்று, நான் இல்லாத காலத்துக்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று போனை முன்னால் வைத்துக்கொண்டு "ஏங்க" என்றாள். சத்தமில்லை. "இந்தாங்க" என்றாள், "ஜெயசித்ரா அப்பா" என்றாள். ம்ஹூம். கடைசியில், "தில்லையில ஒத்தக் காலத் தூக்கிட்டு நிக்கிறாரே, அவரு பேருதான்" என்றாள். போன் சிதம்பரத்துக்கு வழி காட்டத் தொடங்கியது.

அதோடு விட்டாளா? பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தைக் கூட்டிவந்தாள். அந்தம்மா வாசலிலிருந்தே "நடராசன் அண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்ததும் போனுக்குள் இருந்த நான் துள்ளி எழுந்து, "வாம்மா, உள்ள போங்க, எடம் இருக்கு" என்றேன். அவ்வளவுதான், பூங்காவனம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. முந்திரிக்கு மருந்தடிப்பது, நாத்தனார் சங்கதி, பெரம்பலூரில் பெண் பார்த்த கதை என்று சாயங்காலம் வரை பேச்சு. அந்த நடராசனும் சலிக்காமல் பதில் சொல்கிறான். இங்கே குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறேன், காப்பி வேணுமா என்று கேட்க நாதியில்லை.

பூங்காவனம் போனதும் உங்கள் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கி நீங்க போன பொறவு ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்னா, நான் பூங்காவனத்தத்தான் கூட்டியாரணுமா?"

"செத்த பொறவு பேரச் சொல்லேன். அப்ப கொறையறதுக்கு ஆயுசு ஏது?" என்றேன்.

"இத்தன வருசமா வராத வாயி, அன்னிக்கி மட்டும் வந்துருமா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், முடியவில்லை மாப்பிள்ளை. அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதானே தொண்டை வறள இத்தனையும் பேசி வைத்தேன்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு, "ஏங்க" என்றால் எழும்படி மாற்றிக் கொடுங்கள். தெருவில் எவள் தன் புருஷனைக் கூப்பிட்டாலும் நான் எழுந்து "என்னம்மா?" என்று கேட்கும்படி ஆகும். ஆகட்டும், போனவனுக்கு என்ன மானம்!

தென்றலுக்கு என் முத்தங்கள். மகளையும் உங்களையும் எல்லாச் செல்வமும் தேடிவந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
நடராசன்

பின்குறிப்பு: எதையும் மாற்ற வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது அறைக்குள் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். உங்கள் அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு, "சாமி, அவரு ஆயுசுக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "நடராசன்" என்றாள். போன் எழவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "நடராசன்!" என்றாள். போனில் காலையிலிருந்தே சார்ஜ் இல்லை, அது எனக்குத் தெரியும். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று சொல்லாமல் நின்றுகொண்டேன்.