வள்ளம் ஏறுமுன் ஓர் உடன்படிக்கை

சங்கரன்கோவில்,
14-2-1983

அன்புள்ள மைத்துனர் மருதப்பன் அவர்களுக்குச் சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது. தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் சகல மங்களமும் உண்டாவதாக. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதே வழக்கம். எனினும் தங்கள் அக்காள் கோமதி காலமானபின் இவ்வீட்டில் வசிப்பவன் நான் ஒருவனே ஆகையால், "யாவரும்" என்பது பொய்ச் சாட்சியமாகிவிடும். நான் நலம்.

நிற்க. பொங்கலுக்கு இங்கு வந்திருந்தபோது, தூத்துக்குடியில் தங்கள் நண்பர் தாவீதின் வள்ளத்தில் ஒருநாள் கடலுக்குப் போய்த் தூண்டில் போடலாம், எனக்கு வேலை ஒழியாது, துணைக்கு ஆள் இருந்தால் அழைத்து வாருங்கள் என்று தாங்கள் சொன்னதை, வாய்மொழியே ஆயினும், முழுமனதுடன் ஏற்றேன். மரக்கறி உண்பவனுக்கு மீன்பிடிப்பில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கவில்லை, அதற்கு நன்றி. வக்கீல் தொழிலை விட்டபின் என்னை எவரும் எங்கும் அழைத்ததில்லை.

துணைக்கு ஜவுளிக்கடை சேக் மைதீனையும், என்னிடம் குமாஸ்தாவாக இருந்த காசிராஜனையும் சேர்த்தேன். நாள் குறிப்பதே பெரும் வழக்காயிற்று. வெள்ளி சேக் மைதீனுக்குத் தொழுகை. ஞாயிறு தாவீதுக்குப் பூசை. செவ்வாயும் சனியும் காசிராஜன் வாசற்படி தாண்டமாட்டார். வருகிற வியாழன் என்று முடிவாயிற்று. அத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சேர்ந்து எதைச் செய்தாலும் பின்னால் தகராறு வரும் என்பதைத் தவிர வேறெதையும் என் தொழில் எனக்குக் கற்பிக்கவில்லை. ஆகவே ஓர் உடன்படிக்கை எழுதினேன். கையெழுத்திடுமுன் வாசித்துக் காட்டுவதுதானே முறை. நேற்று இருவரையும் வீட்டுக்கு அழைத்தேன். காசிராஜனின் மனைவி பார்வதியம்மாளும் வழிக்கென்று முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தார்.

ஒருவர் தூண்டிலில் சிக்கிய மீனை மற்றொருவர் தூக்கினால் அது யாருக்கு உரியது என்ற ஷரத்தும், வாந்தி எடுப்பவர் காற்றின் திசையை அனுசரித்தே எடுக்க வேண்டும் என்ற ஷரத்தும் வாசித்தேன்.

"வக்கீலய்யா, நாம மீன் புடிக்கப் போறமா, இல்ல கடலப் பாகம் பிரிக்கப் போறமா?" என்றார் சேக் மைதீன்.

குறுக்கே பேசலாகாது என்று சொல்லிவிட்டு, அடுத்ததை வாசித்தேன்: "மேற்படியாரில் எவரேனும் கரை திரும்பாத பட்சத்தில், அன்னாரின் வாரிசுகள் ஏனையோர்மீது வழக்குத் தொடரலாகாது."

பார்வதியம்மாள் எழுந்தே விட்டார். "எய்யா, அப்ப இவுகளத் திருப்பிக் கொண்டாற மாட்டியளா? எந் தாலிய அறுக்கதுக்கா கூட்டிட்டுப் போறிய?"

"ஏட்டி, சும்மா இரு. எல்லாப் பத்திரத்துலயும் எழுதுததுதான்," என்றார் காசிராஜன்.

"எழுதுனவுக போகட்டும். நீங்க எந்திரிங்க!"

சேக் மைதீனும் செருப்பைத் தேடினார். "எங்க வீட்ல கேட்டா எனக்கும் இதே கதிதான். நீங்க போயிட்டு வாங்க, வக்கீலய்யா. திரும்பி வந்தா ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க."

முறுக்குத் தட்டு மட்டும் என் வீட்டில் தங்கிற்று. அதையும் இன்று காலை ஆளனுப்பி வாங்கிக்கொண்டார்கள்.

உடன்படிக்கை ஒருவனை வைத்து நிறைவேறாது. நான் தனியே வந்து நின்றால், தாங்கள் வேலையை விட்டுவிட்டு அக்காள் முகத்துக்காக வள்ளம் ஏற நேரும். முகத்துக்காகச் செய்யப்படும் எதையும் நான் கோருவதில்லை. ஆகவே இப்பயணம் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது; வேறு தேதி குறிக்கவும் தேவையில்லை.

தங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தாவீதுக்கு என் வணக்கம். வியாழனன்று கடல் அமைதியாகவே இருக்கக் கடவது.

இப்படிக்கு,
சுயம்புலிங்கம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் போனேன். பெட்டிக்கு அருகில் தூத்துக்குடி பஸ் நின்றது. இவ்வரிகளை அதில் அமர்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலை மன்னிக்கவும். மாற்று வேட்டி எடுக்கவில்லை. வியாழனுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதும் வண்டி புறப்பட்ட பின்பே உறைத்தது. "எங்கன போறிய, பெரியவரே?" என்று கண்டக்டர் கேட்டார். கேட்டதற்கு மேல் பதில் சொல்லாதே என்று சாட்சிகளுக்குப் போதித்தவன் நான். "மைத்துனர் வீட்டுக்கு, மீன் பிடிக்க" என்று வண்டி முழுவதும் கேட்கச் சொன்னேன். மேற்கண்டவை யாவும் செல்லாது. கடிதத்தை நேரில் தருகிறேன். தாங்கள் படிக்க வேண்டியதில்லை. வள்ளத்தில் இடமில்லையென்றால் கரையில் நின்றுகொள்கிறேன். திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னால் போதும்.