டில்லிபாபுவின் பதினோரு மணி வெயில்

தலையணைக்குச் சட்டை மாட்டிவிட்ட அன்றைக்கே, தன்னை மிஞ்ச ராயபுரத்தில் ஆளில்லை என்று டில்லிபாபு முடிவு கட்டிவிட்டார்.

துறைமுகத்துப் பக்கம் மீன் வைக்கிற குளிர்கிடங்கில் அவருக்கு இருபது வருஷமாக ராத்திரி வேலை. பகலெல்லாம் தூக்கம். சூரியனுக்கும் அவருக்கும் முகப்பழக்கமே கிடையாது. போன மாசம் வந்த வைரஸ் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, ஒன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தார்.

"வைட்டமின் டி ஏழுதான் இருக்கு. இருபதாவது வேணும்" என்றார் டாக்டரம்மா. "இது கம்மியா இருக்கிறவங்களுக்கு இந்தக் காய்ச்சல் அதிகமா முத்துது. இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குறையை விட்டு வைக்காதீங்க." வாரம் ஒரு மாத்திரை. தினமும் பதினோரு மணிக்கு அரை மணி நேரம் வெயில்.

மாத்திரை சரி. வெயிலா? ஐஸோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன் உருகியே போய்விடுவாரே!

"ஒழுங்கா மாடில குந்துய்யா. ஞாயித்துக்கெழம வஞ்சிரம் வறுத்துத் தரேன்" என்றாள் மனைவி கார்குழலி.

வெயில் வேண்டாம், வஞ்சிரம் வேண்டும். டில்லிபாபு மொட்டைமாடி நாற்காலியில் தலையணையை உட்காரவைத்து, தன் சட்டையையும் லுங்கியையும் மாட்டினார். தலைக்கு ஒரு பிளாஸ்டிக் குடம், மேலே துண்டு. அவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்துக்கொண்டார்.

"மாமா, வெயில் படுதா?" கீழேயிருந்து கார்குழலியின் குரல் வரும்.

"கொளுத்துதுமே!" என்பார், கண்ணைத் திறக்காமலே.

ஆறு நாள் இப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் வஞ்சிர வாசனை ஏறி வந்தது. பின்னாலேயே தட்டோடு கார்குழலி. கூடவே பக்கத்து வீட்டு ரமாபாய். டில்லிபாபு எழுந்திருப்பதற்குள் தட்டு தலையணை மடியில் உட்கார்ந்துவிட்டது.

"சாப்புடு மாமா. சூடா கீது."

தொட்டிக்குப் பின்னால் டில்லிபாபு எச்சில் விழுங்கினார். வெளியே வந்தால் மானம் போகும். வராவிட்டால் மீன் போகும்.

"பாத்தியா ரமாபாய், மனுஷன் மாறியே பூட்டாரு. எதிர்த்துப் பேசறதில்ல. கொறட்ட இல்ல. சொன்ன எடத்துல குந்தினு கீறாரு."

"குடுத்து வெச்சவக்கா நீ."

ஒரு காகம் குடத்தின் மேல் இறங்கி, நிதானமாகத் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டைக் கொத்திக்கொண்டு போனது. கார்குழலி அதை விரட்டவில்லை. அவள் குரல் திடீரென்று கம்மியது.

"ஒம்போது நாளு ஆசுபத்திரி கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னுகினு, நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துகினே இருந்தேன். இப்பக்கூட இவரு தூங்கசொல்ல மூக்காண்ட வெரல் வெச்சுப் பாக்குறேன்." உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டில்லிபாபுவுக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம் காகம் இரண்டாவது துண்டுக்கு வந்தது. எது அவரை எழுப்பியது என்று அவருக்கே தெரியாது.

"நான் இங்க கீறேன்மே!"

கார்குழலி கொஞ்சமும் அதிரவில்லை. "யாருய்யா நீ? அடுத்த வூட்டு மாடில நெழல்ல படுத்துகினு?"

"நான்தான்மே, ஒம்புருசன்!"

"எம்புருசன் ஆறு நாளா வெயில்ல கீறாரு. நீயும் அரை மணி நேரம் அப்படி நில்லு. அப்பால யோசிக்கிறேன்."

டில்லிபாபு வெயிலில் நின்றார். பெண்கள் இருவரும் தொட்டி நிழலில் உட்கார்ந்து வஞ்சிரத்தைப் பங்குபோட்டார்கள். முள்ளை ஓரமாக வைத்துவிட்டு ரமாபாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜாடை கீதுக்கா. ஆனா இவரு வோணாம். ஆறு நாளா குந்தினு கீறாரே, அவரையே வெச்சுக்கோ."